தெருப்பாடலின் பெயரும் அரங்கின் குரலும்: ரோஜர் வாட்டர்ஸின் ‘ஸா இரா’ ஓபரா – ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஒரு கலைவடிவத்தில் பெயர்பெற்ற கலைஞர் வேறொரு கலைவடிவத்திற்குள் நுழையும்போது இருவகை எதிர்வினைகள் எழுவது வழக்கம். அவர்மீது பற்றுக்கொண்டோர் நுழைந்ததையே சாதனையாகக் கொண்டாடுவர். அத்துறையின் காவலர்களோ அவருடைய பூர்வீகத்தைக் கேட்பர். இரண்டு நிலைகளிலும் படைப்பு பின்தள்ளப்பட்டுப் படைப்பாளியே பேசுபொருளாகிவிடுகிறார். ‘பிங்க் ஃபிளாய்ட்’ என்னும் ஆங்கில ராக் இசைக்குழுவின் முதன்மைப் பாடலாசிரியராக அறியப்பெற்ற ரோஜர் வாட்டர்ஸ் (பி. 1943) இயற்றி, 2005ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இசைத்தட்டாக வெளிவந்த ‘ஸா இரா’ என்னும் ஓபராவுக்கும் இவ்வாறே நேர்ந்தது. ராக் இசைக்கலைஞர் ஒருவர் செவ்வியல் ஓபரா எழுதலாமா என்ற வினாவைச் சுற்றியே விவாதம் நிகழ்ந்தது. எழுதப்பட்ட ஓபரா எத்தகையது என்ற வினா உரிய அளவில் எழவில்லை.

ஓபரா என்பதைத் தமிழில் ‘இசைநாடகம்’ என வழங்குவதுண்டு. எனினும் சங்கரதாஸ் சுவாமிகள் மரபையும் அச்சொல் குறிப்பதால், மயக்கம் நேராதிருக்க இக்கட்டுரையில் ஓபரா என்ற சொல்லே ஆளப்படுகிறது. தொடக்கம் முதல் இறுதிவரை உரையாடல் பெரும்பாலும் பாடப்படுவதும், பயிற்சிபெற்ற குரல்கள் ஒலிபெருக்கியின் துணையின்றிப் பெரிய வாத்தியக் குழுவைக் கடந்து அரங்கம் முழுவதும் கேட்கும்படி ஒலிப்பதும், இசையே நாடகத்தை நடத்திச் செல்வதும் இவ்வடிவத்தின் அடிப்படை இயல்புகள்.

‘ஸா இரா’வின் குறைகள் அதன் ஆசிரியர் ராக் இசையிலிருந்து வந்தமையால் நேர்ந்தவை அல்ல, அவ்விசையில் தாம் ஈட்டிய திறன்களை அவர் ஓபரா அரங்கின் வாயிலிலேயே இறக்கிவைத்துவிட்டு உள்ளே சென்றமையால் நேர்ந்தவை என்பதை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது. அத்திறன்களை அவர் கைவிடாத ஓரிரு இடங்களில் படைப்பு உயிர்பெறுவதையும் சுட்டிக்காட்டுகிறது.

ஆக்கத்தின் வரலாறு

‘ஸா இரா’வின் மூலப் பாடல்நூல் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது. அதனை எழுதியவர் எத்தியென் ரோதா-ழில். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தோல்வியுற்றுப் பிரான்சில் தஞ்சம் புகுந்த குடியரசுவாதிகளின் மகனாக 1941இல் பிறந்த இவர், பிரெஞ்சு மெல்லிசையில் புகழ்பெற்ற பாடலாசிரியர். இவருடைய மனைவி நதீன் இந்நூலாக்கத்தில் பங்குகொண்டு ஓவியங்களும் வரைந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு நெருங்கிய காலம் அது. 1987 அளவில் நூல் வாட்டர்ஸிடம் வந்து சேர்ந்தது. மறு ஆண்டில் அவர் இசையின் முதல் மாதிரிப் பதிவை உருவாக்கினார். அப்பதிவைக் கேட்ட பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் பிரான்சுவா மித்தரான் 1989ஆம் ஆண்டு விழாவில் அதனை மேடையேற்ற விரும்பினார் என்றும், பாரிஸ் ஓபரா நிறுவனத்தார் இணங்கவில்லை என்றும் கூறப்படுகிறது. பின்னர் நதீனின் மறைவால் பணி பல ஆண்டுகள் நின்றுபோயிற்று. 1990களின் நடுப்பகுதியில் மீண்டும் தொடங்கியபோது வாட்டர்ஸ் பாடல்நூலை ஆங்கிலத்தில் ஆக்கிக்கொண்டார். ரோதா-ழில் 2004இல் மறைந்தார்; இசைத்தட்டு வெளிவந்ததை அவர் காணவில்லை.

வாத்தியக் குழுவுக்கான இசையமைப்பில் ரிக் வென்ட்வொர்த் வாட்டர்ஸுக்குத் துணைநின்று, பதிவின்போது குழுவை நடத்தினார். வேல்ஸ் நாட்டுப் பாடகர் பிரின் டெர்ஃபெல், சீன சொப்ரானோ ஹுவாங் யிங், அமெரிக்க டெனர் பால் குரோவ்ஸ், செனகல் நாட்டுப் பாடகர் இஸ்மாயில் லோ ஆகியோர் முதன்மைப் பகுதிகளைப் பாடினர். 2005 நவம்பரில் ரோம் நகரில் கச்சேரி வடிவிலும், 2006 ஆகஸ்டில் போலந்தின் போஸ்னான் நகரில் யானுஷ் யூசெஃபோவிச்சின் இயக்கத்தில் முழு மேடை வடிவிலும் இது நிகழ்த்தப்பெற்றது. 2008இல் பிரேசிலின் மனாவுஸ் நகரில் நடந்த அமேசோனாஸ் ஓபரா விழாவிலும் இடம்பெற்றது.

இவ்வரலாற்றில் தலைப்பே தனிக் கவனத்திற்குரியது. ‘ஸா இரா’ என்பது 1790ஆம் ஆண்டில் பாரிஸ் தெருக்களில் பரவிய புரட்சிப் பாடல். ‘எல்லாம் நல்லபடி நடக்கும்’ என்பது அத்தொடரின் ஏறத்தாழ பொருள். லாத்ரே என்னும் தெருப்பாடகர், பெக்கூர் என்பார் இயற்றிய நடன மெட்டொன்றுக்குச் சொற்களைப் பொருத்தினார். அரண்மனைக்கும் பழக்கமான அம்மெட்டு தெருவின் உடைமையாயிற்று. பின்னர் மக்களின் சினம் முற்ற முற்ற அப்பாடலின் சொற்களும் கொடுமையாகின. மேல்தட்டின் இசையைத் தெரு கைப்பற்றியதன் பெயரே ‘ஸா இரா’. அப்பெயர் சூட்டப்பெற்ற ஓபராவில் தெரு எந்த அளவுக்கு ஒலிக்கிறது என்பது இயல்பாகவே எழும் வினா.

பதிவும் குறிப்பும்: இருவகைப் பனுவல்கள்

ராக் இசைக்கும் செவ்வியல் இசைக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரும்பாலோர் கருவிகளின் வேறுபாடாகவோ, தரத்தின் வேறுபாடாகவோ கொள்வர். பனுவலியல் நோக்கில் வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. ஐரோப்பியச் செவ்வியல் இசையில் படைப்பு என்பது எழுதப்பட்ட இசைக்குறிப்பு. நிகழ்த்துவோர் மாறலாம், படைப்பு மாறுவதில்லை. ராக் இசையில் படைப்பு என்பது ஒலிப்பதிவு. குறிப்பிட்ட குரலின் கரகரப்பு, குறிப்பிட்ட கிட்டாரின் ஒலித்தன்மை, இரு ஒலிகளுக்கு இடையே விடப்பட்ட மௌனத்தின் அளவு ஆகிய யாவும் பனுவலின் பகுதிகளே. வாய்மொழி இலக்கியத்தில் பாடுநர் வேறு, பாட்டு வேறு எனப் பிரித்துவிட முடியாத நிலையோடு இதனை ஓரளவு ஒப்பிடலாம்.

வாட்டர்ஸின் தனித்திறன் ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவானது. 1973ஆம் ஆண்டின் ‘நிலவின் இருண்ட பக்கம்’ (தி டார்க் சைட் ஆஃப் த மூன்) தொகுப்பில் இதயத் துடிப்பும் காசுகளின் ஓசையும் இசையின் தாளமாகவே ஆளப்பட்டுள்ளன. ஒலிப்பதிவுக்கூடத்தின் வாயிற்காவலர் உள்ளிட்ட பலரிடம் வாழ்வையும் மரணத்தையும் பற்றிக் கேள்விகள் கேட்டு, அவர்தம் மறுமொழிகளைப் பாடல்களுக்கு இடையே அவர் ஒட்டவைத்தார். பயிற்சியற்ற பேச்சுக்குரல்கள் அங்கே தெருவைக் கூடத்துக்குள் கொண்டுவந்தன. பெரும் குரல்வளம் வாய்க்காத வாட்டர்ஸ், பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலையில், முணுமுணுப்பாகத் தொடங்கி அலறலாக முடியும் பாணியொன்றை வளர்த்தெடுத்தார். ஏளனமும் ஐயமும் அக்குரலிலேயே ஊறியிருந்தன. சொல்லுக்கு வெளியே அவற்றை எழுதிக்காட்ட வேண்டிய தேவை எழவில்லை.

இத்தகைய கலைஞர் ஓபராவுக்குள் செல்லும்போது நிகழ்வது இசைவகை மாற்றம் மட்டுமன்று, பனுவல்வகையே மாறுகிறது. தமிழ்த் திரையிசையமைப்பாளர் இளையராஜாவின் மேற்கத்திய சிம்பொனி 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவினரால் நிகழ்த்தப்பெற்றது. அவர் பல்லாண்டுகளாகத் தம் கையாலேயே இசைக்குறிப்பு எழுதிப் பழகியவர். ஆதலின் அவர் கடந்தது இசைவகையின் எல்லையே, எழுத்தின் எல்லையன்று. வாட்டர்ஸ் இவ்விரு எல்லைகளையும் ஒருசேரக் கடக்க வேண்டியிருந்தது. வென்ட்வொர்த்தின் துணையை அவர் நாடியதைக் குறையாகக் கூறுவோர் இந்நிலையைக் கருத்திற்கொள்வதில்லை. பால் மெக்கார்ட்னி 1991இல் ‘லிவர்பூல் ஒரட்டோரியோ’வைக் கார்ல் டேவிஸுடன் இணைந்தே ஆக்கினார். குறிப்பை எழுதியது யார் கை என்பதைக் காட்டிலும், முன்பு குரலிலும் பதிவிலும் இருந்த பொருள் குறிப்புக்குள் எவ்வாறு கொண்டுவரப்பட்டது என்பதே விமர்சனம் கேட்கவேண்டியது.

‘சுவர்’: பெயரிடப்படாத ஓபரா

இவ்வினாவுக்கு விடை காண வாட்டர்ஸின் முந்தைய படைப்பொன்றை நோக்குதல் வேண்டும். 1979இல் வெளிவந்த ‘சுவர்’ (தி வால்) என்னும் இரட்டை இசைத்தொகுப்பு, போரில் தந்தையை இழந்த பிங்க் என்னும் இசைக்கலைஞன் தன்னைச் சுற்றித் தானே எழுப்பிக்கொள்ளும் மனச்சுவரைப் பற்றியது. வாட்டர்ஸின் தந்தை 1944இல் இத்தாலியின் அன்சியோ போர்க்களத்தில் மாண்டவர். தொகுப்பின் இறுதிப் பகுதியில் ஒரு விசாரணைக் காட்சி உண்டு. பாப் எஸ்ரினுடன் சேர்ந்து அமைக்கப்பட்ட அக்காட்சியில் ராக் கருவிகள் பின்வாங்க, மைக்கேல் கேமனின் வாத்தியக்குழு அமைப்பு மேலோங்குகிறது. அரசு வழக்கறிஞர், பள்ளி ஆசிரியர், மனைவி, தாய், நீதிபதி என வரிசையாக வரும் பாத்திரங்கள் அனைத்தையும் வாட்டர்ஸ் ஒருவரே குரல் மாற்றிப் பாடுகிறார்.

இங்கே குரல்மாற்றம் வெறும் நடிப்புத்திறன் அன்று. குற்றம் சாட்டுவோர் யாவரும் குற்றவாளியின் மனத்துக்குள்ளேயே இருக்கிறார்கள் என்பதை ஒரே தொண்டை பல குரல்களாக உடைவதன்மூலம் இசை சொல்லிவிடுகிறது. பாத்திரத்தின் அகநிலை இசையின் வடிவமாகவே மாறுகிறது. ஓபரா என்ற கலைவடிவம் தன் உன்னத நிலைகளில் செய்ய முனைவதும் இதுவே. அவ்வகையில், ஓபரா என்று பெயரிடப்படாத ‘சுவர்’ தொகுப்பின் அக்காட்சி, ஓபரா என்றே பெயரிடப்பட்ட ‘ஸா இரா’வின் பெரும்பகுதியைக் காட்டிலும் ஓபராத்தன்மை மிக்கது எனலாம்.

ஒரே குரலில் இரு பாத்திரங்கள்

‘ஸா இரா’ மூன்று அங்கங்களைக் கொண்டது. வியன்னா நகரத் தோட்டமொன்றில் 1765இல் சிறுமியாக இருக்கும் மரி அந்துவானெத்தில் தொடங்கி, பஸ்தி சிறைவீழ்ச்சி (1789), மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகள், திருத்தந்தையின் ஆணை, மன்னரின் தப்பியோட்டம் (1791), பதினாறாம் லூயியின் மரணதண்டனை (1793 ஜனவரி 21) எனத் தொடர்ந்து, அரசியின் இறுதி இரவைக் கடந்து, விடுதலையைப் போற்றும் காட்சியோடு நிறைவுறுகிறது. வரலாறு முழுவதும் ஒரு சர்க்கஸ் காட்சியாகச் சட்டமிடப்பட்டுள்ளது. சர்க்கஸ் நடத்துநர் நிகழ்வுகளை அறிமுகம் செய்து, இடையிடையே கருத்துரைத்துச் செல்கிறார். தெருக்கூத்தின் கட்டியங்காரனை அறிந்த தமிழ் வாசகருக்கு இப்பாத்திரத்தின் பணியை விளக்க வேண்டியதில்லை.

இசைத்தட்டில் சர்க்கஸ் நடத்துநர், கலகக்காரர், மன்னர் லூயி ஆகிய மூவரையும் டெர்ஃபெலே பாடுகிறார். அவ்வாறே விடுதலையின் உருவகமான மரியானும், அவ்விடுதலையின் பெயரால் கொல்லப்படும் அரசி மரி அந்துவானெத்தும் ஹுவாங் யிங்கின் ஒரே குரலில் ஒலிக்கின்றனர். இப்படைப்பின் மிகத் துணிச்சலான எண்ணம் இதுவே. ஆள்பவரும் ஆட்சியைக் கவிழ்ப்பவரும் ஒரே குரலுடையோர் என்றும், குடியரசு தன் பலியின் குரலிலேயே பாடுகிறது என்றும் பொருள்கொள்ள இது இடந்தருகிறது. ‘சுவர்’ விசாரணைக் காட்சியின் உத்தி இங்கே தனிமனித மனத்திலிருந்து வரலாற்றுக்கு விரிவுபடுத்தப்படுகிறது.

ஆனால் இவ்வெண்ணத்தை இசை கைக்கொள்ளவில்லை. கலகக்காரரின் பாடலும் மன்னரின் பாடலும் ஒரே கம்பீரத்தில், ஒரே நீண்ட மெல்லிசை வரிகளில் அமைந்துள்ளன. ஒரு பாத்திரத்தின் மெட்டு மற்றொரு பாத்திரத்தின் வாயில் திரிந்து ஒலிக்கும் தருணம் கேட்போர் மனத்தில் தைக்கும்படி எங்கும் அமையவில்லை. ஒரே குரல் இரு பாத்திரங்களைப் பாடுவது பொருளாக மாறுவதற்குக் கேட்போர் முதலில் அவற்றின் வேற்றுமையை உணர வேண்டும். பின்னரே ஒற்றுமை அதிர்ச்சியாகும். இங்கு வேற்றுமையே நிறுவப்படாததால் ஒற்றுமையும் பொருளற்றுப்போகிறது. அட்டையிலுள்ள பாத்திரப் பட்டியலைப் படித்து அறியவேண்டிய ஒன்றாக அது நின்றுவிடுகிறது.

இதற்குக் காரணம் வாட்டர்ஸ் தேர்ந்துகொண்ட இசைமொழி. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓபராவின் சாயலில், இனிய ஒத்திசைவும் அகன்ற மெட்டும் கொண்ட இசை இது. 20ஆம் நூற்றாண்டு ஓபராவில் நிகழ்ந்த பெருமாற்றங்கள் இதனைத் தொடவில்லை. ஆல்பன் பெர்க்கின் ‘வொய்ட்செக்’ (1925) ஏழைப் போர்வீரனின் சிதையும் மனத்துக்குப் புதிய இசையிலக்கணம் கண்டது. பிரெக்டும் குர்ட் வைலும் ‘மூன்று காசு ஓபரா’வில் (1928) மதுக்கடைப் பாடலை அரங்கில் ஏற்றி ஓபராவின் கம்பீரத்தையே ஏளனம் செய்தனர். வாட்டர்ஸின் இயல்புக்கு மிக நெருங்கிய முன்னோடி பிரெக்ட்–வைல் மரபே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் அம்மரபை நாடாது, ஓபரா என்றதும் பொதுமக்கள் நினைவில் எழும் பழைய மாண்பையே நாடினார். ராக் இசையில் எல்லா அதிகாரங்களையும் ஐயுற்றவர், ஓபராவின் அதிகாரத்தை மட்டும் ஐயுறவில்லை. மரபை மதிப்பது வேறு. மரபுக்குப் பணிவது வேறு.

சொல்லிசைவிலும் இச்சிக்கல் புலப்படுகிறது. வாட்டர்ஸின் பாடல்வரிகள் பேச்சின் அசையழுத்தத்தைச் சார்ந்தவை. அவரே பாடும்போது ஒரு சொல்லைக் கடித்துத் துப்புவார். அடுத்த சொல்லை விழுங்குவார். அதே இயல்புடைய வரிகளைப் பயின்ற ஓபராக் குரல் உயிரெழுத்துகளை நீட்டி, இடைவெளியின்றிப் பாடும்போது அங்கதம் கரைந்துவிடுகிறது. ஏளனமாக எழுதப்பட்ட வரி புகழுரைபோல ஒலிக்கும் விபத்து இவ்வோபராவில் பலமுறை நேர்கிறது. இது பாடகர்களின் குறையன்று. டெர்ஃபெலும் ஹுவாங் யிங்கும் தம் கலையில் தேர்ந்தவர்கள். தமக்கு அளிக்கப்பட்ட குறிப்பை அவர்கள் பிழையறப் பாடியுள்ளனர். எழுதப்படாமல் விடப்பட்டதை அவர்களால் பாட இயலாது.

சர்க்கரையும் அவுரியும்

இத்தளர்வுக்கு விலக்காக நிற்பது இரண்டாம் அங்கத்தில் புரட்சியின் செய்தி மேற்கிந்தியத் தீவுகளை எட்டும் பகுதி. வெள்ளி, சர்க்கரை, அவுரி ஆகிய வணிகப் பொருள்களின் பெயர்களே அக்காட்சியின் தலைப்பாக அமைந்துள்ளன. பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய கலைப்படைப்புகள் பெரும்பாலும் பாரிஸ் நகரத்தைத் தாண்டுவதில்லை. ஜியோர்தானோவின் ‘அந்திரேயா ஷேனியே’ (1896) ஒரு கவிஞரின் காதலிலும் மரணத்திலும் நிலைகொள்கிறது. ஜான் கோரிலியானோவின் ‘வெர்சாயின் ஆவிகள்’ (1991) அரண்மனையின் நினைவில் உழல்கிறது. மனித உரிமைகளைப் பறைசாற்றிய நாட்டின் செல்வம் சேந்தோமேங் தீவின் சுமார் 5 இலட்சம் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதை ஓபரா அரங்கில் கேட்கச் செய்தது ரோதா-ழில், வாட்டர்ஸ் இருவரின் முதன்மையான பங்களிப்பு. 1791 ஆகஸ்டில் அத்தீவில் வெடித்த அடிமைகளின் எழுச்சி 1804 ஜனவரி 1இல் ஹெய்ட்டி என்னும் விடுதலை நாடாக முடிந்தது. இடையில், 1794இல் ஒழிக்கப்பட்ட அடிமைமுறையை 1802இல் நெப்போலியன் மீட்டுக்கொணர்ந்ததும் வரலாறு.

புரட்சியில் இணையும் அடிமையின் பாத்திரத்தை இஸ்மாயில் லோ பாடுகிறார். அவர் ஓபராப் பயிற்சியில் வந்தவர் அல்லர். கிட்டாரும் மவுத் ஆர்கனும் இசைத்துப் பாடும் செனகல் நாட்டுப் பாடகர். மற்ற பாடகர்களின் உருண்டு திரண்ட குரல்களுக்கு நடுவே அவர் குரல் மெலிந்து, சற்றே கம்மி, பேச்சுக்கு அருகில் ஒலிக்கிறது. அக்குரல் எழுந்தவுடனேயே அதுவரை கேட்டுவந்த கம்பீரம் யாருடையது என்ற ஐயம் கேட்போர் மனத்தில் தோன்றிவிடுகிறது. சமத்துவத்தைப் பாடியோரும் அரண்மனையின் குரலிலேயே பாடினர் என்பதை எந்தச் சொல்லும் இன்றி அக்குரலின் தன்மையே உணர்த்துகிறது.

ஒலிப்பதிவுக்கூடத்தில் வாயிற்காவலரின் குரலை இசைக்கு நடுவே வைத்த அதே வாட்டர்ஸை இங்கே மீண்டும் காண்கிறோம். குரலின் பிறப்பிடமே அதன் பொருள் என்ற அவருடைய பழைய அறிவு இங்குச் செயற்படுகிறது. தெருப்பாடலின் பெயரைத் தாங்கிய ஓபராவில் தெரு உள்ளே வரும் இடமும் இதுவே. எனினும் ஒரு பாத்திரத்தளவில் அது நின்றுவிடுகிறது. பஸ்தியைத் தகர்த்த மக்கள்திரள் மீண்டும் பயின்ற குழுப்பாடகர்களின் பிசிறற்ற ஒலியாகவே வருகிறது. பசித்த கூட்டத்தின் குரல் தேவாலயப் பாடற்குழுவின் தூய்மையோடு ஒலிக்கும்போது, நாடகம் சொல்வதை இசை மறுத்துவிடுகிறது.

நம்பிக்கையின் கணக்கு

‘நம்பிக்கை உண்டு’ என்னும் பொருள்பட இப்படைப்புக்கு ஒரு துணைத்தலைப்பும் இடப்பட்டுள்ளது. தனிமையையும் இழப்பையும் பித்தையும் பாடிவந்த ஒருவர் முதுமையின் வாயிலில் நம்பிக்கையைப் பாட விழைந்தது மதிக்கத்தக்கது. அந்நம்பிக்கையை இசை ஈட்டியுள்ளதா என்பதே கேள்வி.

மரி அந்துவானெத் 1793 அக்டோபர் 16ஆம் நாள் விடியலில் தம் நாத்தி எலிசபெத்துக்கு எழுதிய இறுதிக் கடிதம் வரலாற்று ஆவணம். அரசியின் இறுதி இரவுக்காட்சி அதனை அடியொற்றியது. ஆடம்பரத்தின் சின்னமாக வெறுக்கப்பட்டவர் ஒரு தாயாகவும் தங்கையாகவும் சுருங்கி நிற்கும் இக்காட்சியில் வாத்தியக் குழு அடங்கி, சொப்ரானோக் குரல் தனித்து நிற்கிறது. எதிரியிடத்தும் அருளுடைமை காட்டும் இக்காட்சி, கருத்தளவிலும் இசையளவிலும் இவ்வோபராவின் உயர்ந்த இடங்களுள் ஒன்று. அழுகைச் சுவை இங்கு மிகையின்றி அமைந்துள்ளது.

ஆனால் அடுத்த காட்சியில் விடுதலையின் புகழ் எழும்போது இவ்வழுகை அதற்குள் கடந்துசெல்லவில்லை. ஓபராவின் கதை 1793 அக்டோபரோடு நின்றுவிடுகிறது. அதன்பின் 1794 ஜூலை வரை உச்சம் கண்ட பயங்கர ஆட்சியும், புரட்சி தன் மக்களையே கொன்று தீர்த்ததும் மேடைக்கு வரவில்லை. எங்கே முடிப்பது என்பது ஆசிரியரின் உரிமை. ஆயினும் கொலைக்களத்திலிருந்து நம்பிக்கைக்குச் செல்லும் பாதையை இசையாவது நடந்து காட்டியிருக்க வேண்டும். இங்கு ஒரு காட்சி முடிகிறது. மறுகாட்சி ஒளிமயமாகத் தொடங்குகிறது. இடையில் உள்ள பள்ளத்தைக் கேட்போரே தாண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிரான்சிஸ் பூலென்கின் ‘கார்மேல் மடத்தாரின் உரையாடல்கள்’ (1957) இதே பயங்கர ஆட்சியில் கொல்லப்பட்ட கன்னியரைப் பற்றியது. இறுதிக் காட்சியில் அவர்கள் அன்னை மரியைப் போற்றும் பாடலைச் சேர்ந்து பாடியவாறு கொலைமேடை ஏறுகின்றனர். கத்தி விழும் ஒவ்வொரு முறையும் குழுப்பாடலில் ஒரு குரல் குறைகிறது. இறுதியில் ஒற்றைக் குரல் எஞ்சி, அதுவும் அறுபடுகிறது. பாடல் நிற்கவில்லை, பாடுவோரே குறைந்துகொண்டு வருகின்றனர் என்ற நிலையில் அச்சமும் நம்பிக்கையும் ஒரே இசைச்செயலில் பிணைந்துவிடுகின்றன. ஓர் ஓசையை இடமறிந்து வைப்பதன்மூலம் நாடகம் முழுவதையும் சொல்லிவிடும் இவ்வுத்தி, காசு விழும் ஓசையில் ஒரு நாகரிகத்தையே விமர்சித்த வாட்டர்ஸுக்கு அந்நியமானதன்று. பூலென்க் செவ்வியல் மரபில் நின்று கண்டடைந்ததை வாட்டர்ஸ் தம் மரபில் முன்னரே கண்டிருந்தார். வேண்டிய இடத்தில் அதனை மறந்தார். ‘ஸா இரா’ பதிவிலும் சூழல் ஒலிகள் ஆங்காங்கே உண்டு. அவை காட்சிக்குப் பின்புலமாக நிற்கின்றனவேயன்றி இசையின் தசையாக மாறவில்லை.

பிற முயற்சிகளுக்கிடையே

ராக், மெல்லிசைத் துறைகளிலிருந்து ஓபராவுக்கு வந்தோர் வேறு சிலரும் உளர். ‘தி போலீஸ்’ குழுவின் தாளக்கலைஞர் ஸ்டூவர்ட் கோப்லண்டின் முதல் ஓபரா 1989இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் அரங்கேறியது. அவர் தொடர்ந்து ஓபராக்கள் எழுதிவந்துள்ளார். டேமன் அல்பார்ன் 2007இல் சீனக் காவியமான ‘மேற்கு நோக்கிய பயண’த்தை மான்செஸ்டரில் மேடையேற்றியபோது சர்க்கஸ் வித்தையையும் சீனக் கருவிகளையும் மின்னிசையையும் தயங்காமல் கலந்தார். ரூஃபஸ் வெயின்ரைட் 2009இல் அதே நகரில் ‘பிரிமா டொன்னா’வை அரங்கேற்றினார், பிரெஞ்சு மொழியில்தான் எழுதுவேன் என்று அவர் உறுதியாக நின்றதால் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவுடனான ஏற்பாடு முறிந்தது.

இவர்களுள் அல்பார்னின் முயற்சி வாட்டர்ஸின் முயற்சிக்கு நேர் எதிரானது. தாம் அறிந்த ஒலியுலகோடு அவர் அரங்குக்குள் புகுந்தார். அது ஓபராவா என்ற ஐயம் எழுந்திருக்கலாம். அது யாருடையது என்ற ஐயம் எழவில்லை. ‘ஸா இரா’வைப் பொறுத்தவரை அது ஓபராவா என்பதில் ஐயமே இல்லை. அதன் நெடும்பகுதிகளைப் பெயர் நீக்கிக் கேட்பித்தால், இயற்றியவர் வாட்டர்ஸ் என்று கூறுவது அவருடைய நெடுநாள் இரசிகருக்கும் எளிதன்று.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ‘ஸா இரா’வின் தளர்வுக்கு ஆசிரியரின் ராக் பின்னணியைக் காரணமாக்குவது பொருந்தாது. அப்பின்னணி செயற்படும் இடங்களிலேயே படைப்பு வலுப்பெறுகிறது. இரண்டாவதாக, ராக் இசையிலிருந்து ஓபராவுக்கான பயணம் பதிவுப் பனுவலிலிருந்து குறிப்புப் பனுவலுக்கான பயணம். குரலில் இருந்த பொருளைக் குறிப்பில் புதிதாக ஆக்கிக்கொள்ளாவிடில் சொற்கள் மட்டுமே எஞ்சும். மூன்றாவதாக, ஒரே குரலில் பலியையும் குடியரசையும் வைத்தது, அடிமையின் குரலை வேறு இசைமரபிலிருந்து கொணர்ந்தது ஆகிய இரண்டும் இப்படைப்பின் அரிய எண்ணங்கள். முன்னது இசையின் துணையின்றி நின்றுவிட்டது. பின்னது இசையாகவே மலர்ந்தது.

ஓபரா 1607இல் மாந்துவா அரண்மனையில் மொன்டிவெர்தியின் ‘ஓர்ஃபியோ’ நிகழ்ந்த காலத்தில் பிரபுக்களின் கலை. முப்பது ஆண்டுகளில் வெனிஸ் நகரில் கட்டணம் கொடுத்துக் காணும் பொது அரங்குக்கு வந்துவிட்டது. 1728இல் ஜான் கே இலண்டன் தெருமெட்டுகளைக் கொண்டே ‘பிச்சைக்காரர் ஓபரா’வை எழுதினார். வெளியிலிருந்து வந்தோரைப் பலமுறை ஏற்று, அவர்களால் உருமாறி வளர்ந்த வடிவம் அது. அவ்வடிவத்துக்கு வாட்டர்ஸ் அளிக்கக்கூடியதாக இருந்தது அவருடைய மரியாதை அன்று. பணிய மறுக்கும் அவருடைய இயல்பே. இஸ்மாயில் லோவின் குரல் எழும் அந்தச் சில நிமிடங்களில் அவ்வியல்பு என்ன செய்திருக்கக்கூடும் என்பதை நாம் கேட்கிறோம். அந்நிமிடங்களுக்காகவேனும் இவ்வோபரா மீண்டும் கேட்கப்படுதற்கும் ஆராயப்படுதற்கும் உரியது.